சிறு கலமே சாலும்

தாம்பரத்து மாணவர்க்குக் கடற்கலப் பேச்சு எதற்கென நகைப்பார் உளர். கோவளத்துக் கடல் நமக்குத் தொலைவன்று. பாய்மரக்கலம் வாங்கி அதிலேயே உறைவேன் என்பாரும் நம் விடுதியில் உளர். ஆயினும், அவர் பெரிதும் விரைவும் உடையதையே நாடுகின்றனர். யாம் அதற்கு இசையோம். கடலிடை நம் கையால் செப்பனிடக் கூடியதே வாழத்தக்க கலம்.

மும்பையில் தேக்கால் கட்டிய 'சுகைலி' 32 அடிக் கலம். வேறு கட்டப் பொருளின்மையால் இராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதனையே கொண்டு 1968 ஜூனில் இங்கிலாந்தினின்று தனியே புறப்பட்டார். கலம் ஒழுகிற்று, நீருள் மூழ்கி அடைத்தார். குடிநீர் கெட்டது, மழைநீர் ஏந்தினார். தானே திசைகாக்கும் கருவி முறிந்தது. சுக்கானைத் தாமே பிடித்தார். 312 நாள் துறைமுகம் எதிலும் தங்காது உலகைச் சுற்றி, 1969 ஏப்பிரலில் மீண்டார். அப்போட்டியிற் புகுந்த ஒன்பதின்மருள் முடித்தவர் அவரொருவரே. விரைவை விழையும் நண்பர், கருவி முறிந்த நாளில் நடுக்கடலில் யாரை அழைப்பாரோ?