பாரமில்லாத பூட்ஸும் எங்கட செம்மண்ணும்

பூட்ஸ் வாங்கப் போற எங்கட பெடியள் முதல்ல செய்யிற வேலை, அதைக் கையில தூக்கிப் பாக்கிறது. "மச்சான், பஞ்சு மாதிரி இருக்கடா" எண்டால் பாதி வியாபாரம் முடிஞ்சுது. எத்தனை மாதம் தாங்கும் எண்டு கேக்கிறவர்கள் குறைவு. கேட்டாலும் பெட்டியில் அதற்குப் பதில் இல்லை.

இந்த நிறைப் போட்டி 2015 இல் உச்சத்துக்குப் போனது. அடிடாஸ் 99 கிராமில் ஒரு பூட்ஸை இறக்கியது. பூமாவின் ஈவோஸ்பீட் எஸ்எல் 103 கிராம். 1979 இல் வந்து இண்டைக்கும் விற்பனையாகிற கோபா முண்டியலோ கிட்டத்தட்ட 300 கிராம். குறைந்த அந்த 200 கிராம் எங்கே போனது? தோல் இருந்த இடத்தில் மெல்லிய செயற்கைப் படலம் வந்தது. குதியைப் பிடிக்கிற கெட்டியான பகுதி, உள்மெத்தை, அடித்தட்டு எல்லாம் மெலிந்தன. அதாவது, அடியையும் தேய்மானத்தையும் தாங்கிக்கொண்டிருந்த பகுதிகளில்தான் கைவைத்தார்கள்.

விளைவு விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும். விரல் மடிகிற இடத்தில் பக்கத்தால் வெடிக்கும். பிறகு முன்பக்கம் ஒட்டு விட்டு வாயைப் பிளக்கும். சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொண்டுபோனால் அவரும் பாவம், என்ன செய்வார்? தடித்த தோலில் நூல் நிற்கும். இந்தப் படலத்தில் ஊசி போன ஓட்டையிலிருந்தே அடுத்த கிழிசல் தொடங்கும்.

கம்பனிகள் பொய் சொல்கின்றன எண்டு நான் சொல்லவில்லை. பாரம் குறைந்தால் பலன் உண்டுதான். ஒரு சப்பாத்தில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான சக்தி ஏறத்தாழ 1 வீதம் கூடத் தேவைப்படும். தண்ணி விட்டு வளர்த்த புல்லில் ஓடுகிற, ஒரு சோடி பிஞ்சால் அடுத்த சோடி தயாராக இருக்கிற தொழில்முறை வீரனுக்கு அந்த 1 வீதம் பெரிய விசயம்.

எங்களுக்கு? வலிகாமத்துச் செம்மண் கோடையில் கல்லாக இறுகிப் போகும். ஸ்டட் மண்ணுக்குள் இறங்காது. ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் ஒட்டிலும் காலிலும்தான் விழும். மாரியில் பத்து நிமிசம் ஓடினால் அடியில் அப்புகிற சேறு, காசு குடுத்துக் குறைத்த கிராமையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து விடும்.

விலையையும் பாருங்கோ. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபிறகு, இறக்குமதிப் பூட்ஸ் வருசத்துக்கு ஒருக்கா வாங்குவதே பல வீடுகளில் பெரிய செலவு. அது இரண்டு மாதத்தில் பிஞ்சால் அந்தப் பெடியன், அந்தப் பெட்டை, வீட்டில் திரும்பவும் கேட்பதில்லை. "கால் நோகுது" எண்டு சொல்லிப் பயிற்சிக்கு வராமல் விடுவார்கள். ஒரு நல்ல விளையாட்டுக்காரர் இப்படிச் சத்தமில்லாமல் காணாமல் போவதுதான் என்ர கவலை.

ஆகவே கழகங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து பூட்ஸ் அனுப்புகிற உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் பார்த்த ஆக உயர்ந்த மொடலைத் தேடாதேங்கோ. அதே வரிசையில் விலை குறைந்த மொடல் பெரும்பாலும் கொஞ்சம் பாரம் கூட, ஆனால் தடிப்பும் கூட. இறுகிய மண்ணுக்கு உயரம் குறைந்த, எண்ணிக்கை கூடிய ஸ்டட் உள்ளதை எடுங்கோ. விரல் மடிகிற இடத்தில் வளைகிறதா, அடியைச் சுற்றித் தைக்க முடியுமா எண்டு பாருங்கோ.

வாங்கினபிறகு, நனைஞ்ச பூட்ஸைக் கொதிக்கிற வெயிலில் காயப் போடாதேங்கோ, பசை இளகிவிடும். உள்ளே பேப்பரை அடைஞ்சு நிழலில் வையுங்கோ. ஒரு சோடி ஒரு பருவம் முழுக்கத் தாங்கினால் அதுவே எங்களுக்குப் பெரிய காரியம்.