எஞ்சின் வாங்கும் முன் பின்பலகையை அளந்து பாருங்கள்



"புதுசா ஃபைபர் படகு எடுக்கிறோம், எத்தனை எச்.பி. எஞ்சின் போடலாம்?" கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிற கேள்வி இது. பக்கத்துப் படகில் 15 இருந்தால் நம் படகில் 25 இருக்கட்டுமே என்று மனசு சொல்லும். எச்.பி. கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஓர் அளவுநாடாவோடு படகுக்குப் போங்கள்.

அவுட்போர்டு எஞ்சின் தொங்குவது படகின் பின்பலகையில். அந்தப் பலகையின் மேல்விளிம்பிலிருந்து நேர் கீழே படகின் அடிமட்டம் வரை அளந்து பாருங்கள். 15 அங்குலம் அளவில் இருந்தால் குட்டைத் தண்டு எஞ்சின், 20 அங்குலம் அளவில் இருந்தால் நீளத் தண்டு எஞ்சின். விசிறிக்குச் சற்று மேலே தட்டையான ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ, ஓர் அங்குலம் தாழவோ நிற்க வேண்டும். தண்டு குட்டையாகிவிட்டால் அலையில் பின்பக்கம் எழும்போதெல்லாம் விசிறி காற்றைக் கடிக்கும். எஞ்சின் அலறும், படகு நகராது. கரையோரத்தில் அலை உடைகிற இடத்தில் இப்படி நடந்தால் படகு குறுக்கே திரும்பிவிடும், உயிருக்கே ஆபத்து. தண்டு தேவைக்கு மேல் நீண்டால் தண்ணீரின் இழுப்பு கூடி எரிபொருள் வீணாகும்.

அடுத்தது எடை. 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 36 கிலோ அளவில் இருக்கும். அதே சக்தியுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தொடும். துறைமுகத்தில் கட்டிப்போடும் படகுக்கு இது பெரிய வித்தியாசமில்லை. திறந்த கரையில் படகை ஏற்றிவிட்டு எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு, மணலில் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் தெரியும். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோலை நன்றாக மிச்சம் பிடிக்கும், புகையும் குறைவு. தினமும் தூரக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். டூ ஸ்ட்ரோக்கில் பாகங்கள் குறைவு, உள்ளூர் மெக்கானிக் கரையிலேயே பிரித்து மாட்டிவிடுவார். பெட்ரோலில் ஆயில் கலக்கும் விகிதத்தை மட்டும் கண்மதிப்பில் விடாதீர்கள். பலவற்றுக்கும் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ஆனாலும் உங்கள் எஞ்சினோடு வந்த கையேடு சொல்வதே கணக்கு.

குமரி மாவட்டக் கரையில் மண்ணெண்ணெய் எஞ்சின் பழக்கம் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அணைப்பதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும்.

இனி எச்.பி. வலையும் ஐஸும் ஆட்களுமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற 25 அடிப் படகு, இயல்பாக ஆறரை, ஏழு நாட் வேகத்தைத்தான் எட்டும். அதற்கு மேல் விரட்டினால் தனக்குத்தானே எழுப்பிய அலையில் ஏறப் பாடுபடும். பெட்ரோல் கரையும், வேகம் கூடாது. எடை குறைந்து, நீர்மேல் எழும்பி வழுக்கி ஓடும் படகுக்குத்தான் பெரிய எஞ்சின் பலன் தரும். அப்போதும் படகு கட்டியவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பின்பலகை விரிசல் விடும். சுமை இழுக்கும் படகுக்குப் புரி (பிட்ச்) குறைந்த விசிறி கேட்டு வாங்குங்கள். வாங்கும் கடையில் இம்பெல்லர், ஸ்பார்க் பிளக் எப்போதும் கிடைக்குமா என்றும் கேளுங்கள். உதிரிபாகம் கிடைக்காத எஞ்சின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

எஞ்சினோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுதான். பல படகுகளில் அது பெட்டியிலேயே கிடப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் படகின் நீளம், எஞ்சின், ஒரு நாளைக்கு ஆகும் எரிபொருள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்படி அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்