துணைநாடியின் கேள்விகள்

உளவளத்துணை என்றதும் நம்மவர் பலரின் மனக்கண்ணில் தோன்றுவது, மேசைக்கு அப்பால் அமர்ந்து புத்திமதி கூறும் ஒரு பெரியவரின் உருவமே. இவ்வெண்ணத்தை வளர்த்ததில் பல்கலைக்கழகங்களுக்கும் பங்குண்டு. இங்கு மாணவ ஆலோசகராக நியமிக்கப்படுவோர் பெரும்பாலும் விரிவுரையாளர்களே. காலையில் விடைத்தாளுக்குப் புள்ளியிடுபவரிடம், மாலையில் தன் அச்சத்தையும் தோல்வியையும் எந்த மாணவி மனந்திறந்து கூறுவாள்? அவ்விரிவுரையாளரின் நல்லெண்ணம் ஐயத்துக்குரியதன்று. ஒருவரே இரு பொறுப்பையும் ஏற்பதுதான் பிழை.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் றோஜர்ஸ் 1942 இல் வெளியிட்ட நூலில், உதவி நாடி வருபவரை நோயாளி என்னாது வேறு பெயராற் சுட்டினார். ஈழத்துத் தமிழில் அது 'துணைநாடி' என வழங்குகிறது. இது வெறும் உபசாரச் சொல்லன்று. நோயாளிக்கு வைத்தியர் மருந்து தெரிகிறார். துணைநாடி தன் வழியைத் தானே தெரிகிறார். உளவளத்துணையை 'ஆற்றுப்படுத்தல்' என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆற்றுப்படையில் வழி கூறுபவன் பரிசில் பெற்று மீண்டவன், சேருமிடத்தை அறிந்தவன். உளவளத்துணையாளருக்கு அந்த முன்னறிவு இல்லை. அதனாற்றான் அவர் பேசுவதிலும் பார்க்கக் கேட்பதே மிகுதியாதல் வேண்டும்.

ஆகவே முதற்சந்திப்பில் வினவும் உரிமை துணைநாடிக்கும் உண்டு. எங்கே பயின்றீர்? எத்தனை சந்திப்புகள் வேண்டிவரும்? கட்டணம் எவ்வளவு? எழுதும் குறிப்புகளை வேறு யார் பார்ப்பர்? இறுதி வினாவே தலையாயது. உயிராபத்து நேருமெனின் இரகசியத்தை மீறவேண்டி வரலாம். அவ்வரம்பைத் தொடக்கத்திலேயே சொல்லாதவரிடமிருந்து எழுந்து வருதல் தகும்.

குடும்பமும் கோயிலும் இருக்க அந்நியரிடம் செல்வதேன் என்பாருமுளர். தந்தையின் விருப்பத்துக்காகப் பாடந் தெரிந்து, மூன்றாம் ஆண்டில் உறக்கமிழந்த மகன் அதனைத் தந்தையிடமே எவ்வாறு கூறுவான்? 1974 இல் தொடங்கப்பெற்ற சுமித்ரயோவின் தொண்டர்கள், முன்பின் அறியாதாரின் துயரைத் தீர்ப்புக் கூறாது கேட்டு வருகின்றனர். அது உளச்சிகிச்சையன்று, எனினும் அந்நியரின் செவியை நாடுவோர் இந்நாட்டில் உளர் என்பதற்கு அதுவே சான்று.

மாணவர் கேட்பது பெரிதன்று: பயிற்சி பெற்ற, எவருக்கும் புள்ளியிடாத ஒருவர், சிறியதோர் அறை. அவ்வறையின் கதவு துறைத்தலைவரின் அலுவலகத்தை நோக்கித் திறவாதிருத்தலும் வேண்டும்.