விளக்கு எந்தப் பக்கம் ஏறுகிறது?

வெளிநாட்டிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினால், நம்மவர்கள் முதலில் கேட்பது சிசி எவ்வளவு என்பதைத்தான். அடுத்து விலை. பிறகு வரி எவ்வளவு கட்டினாய், எண் பட்டை கிடைத்துவிட்டதா என்று கேள்விகள் நீளும். “முன்விளக்கை மாற்றிவிட்டாயா?” என்று கேட்ட ஒருவரைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்பது என் கருத்து.

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் மோட்டார் விளக்கைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன். இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படித்தேன். இங்கே பொறியியலை ஆங்கிலத்தில் படிக்கிறேன். பட்டறைக்குப் போனால் மூன்றும் கலந்த நான்காவது மொழி ஒன்று காத்திருக்கிறது. ஆனால் இரவில் சாலையில் போய்வரும் என் அம்மாவுக்கு இதை விளக்க எனக்குத் தமிழை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் விளக்கைப் பார்ப்போம். முன்விளக்கில் உயர் ஒளி, தாழ் ஒளி என இரண்டு உண்டு. உயர் ஒளி நேராக, தொலைவுக்குப் போகும். அதில் இடது வலது வேறுபாடு இல்லை. சிக்கல் தாழ் ஒளியில்தான். பெரிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் தாழ் ஒளி இரு பக்கமும் ஒரே மாதிரி விழுவதில்லை. எதிரே வண்டி வரும் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல் கிடையாக நின்றுவிடும். சாலையோரப் பக்கத்தில் மட்டும் பெரும்பாலும் 15 பாகை அளவுக்கு மேல்நோக்கி ஏறும். ஓரத்தில் நடந்து செல்பவர், சைக்கிள், அறிவிப்புப் பலகை, குறுக்கே ஓடும் நாய் ஆகியவற்றைச் சற்று முன்னதாகவே காட்டுவதற்காகத்தான் இந்த ஏற்றம்.

மலேசியாவில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே நம் விளக்கு இடப்பக்கம் ஏற வேண்டும். ஜெர்மனியில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். அங்கே விற்கப்படும் விளக்கு வலப்பக்கம் ஏறும். அந்த வண்டியை அப்படியே இங்கே கொண்டுவந்து ஓட்டினால் என்ன ஆகும்? ஓரத்தைக் காட்ட வேண்டிய ஒளி எதிரே வருபவர் கண்ணில் பாயும். ஓரமோ இருட்டாகக் கிடக்கும். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ஆபத்து: எதிரே வருபவருக்கு நம்மால் கண் கூசும், நம் பக்கத்தில் நடந்து போகிறவர் நம் கண்ணுக்கே தெரியமாட்டார். வண்டியை ஓட்டுபவருக்கோ இது எதுவும் தெரியாது. சாலை வெளிச்சமாக இருக்கிறது, விளக்கு அருமையாக எரிகிறது என்றே அவர் நினைப்பார்.

என் பெரியப்பா மகன் ஜெர்மனியில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, ஆசையாய் வாங்கிய மோட்டார் சைக்கிளோடு ஊருக்குத் திரும்பினார். எங்கள் வீடு கெடாவில், சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு தாமானில் இருக்கிறது. பெரிய சாலையிலிருந்து உள்ளே வரும் வழியில் ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் கால்வாய். தெருவிளக்கு பாதித் தூரத்துக்குத்தான். தொழிற்சாலையில் இரவு 11 மணிக்கு ஷிப்டு முடிந்து அம்மா தம் கப்சாயில் அந்த வழியாகத்தான் வருவார். ஒரு நாள் இரவு எதிரே வந்த அண்ணனின் வண்டியைப் பற்றி வீட்டில் சொன்னார்: “அந்த வெளிச்சம் வந்தா எனக்கு ரோடே தெரியலப்பா. ஓரத்து வெள்ளைக் கோட்டப் பாத்துக்கிட்டே ஓட்டுறேன். கோடு அழிஞ்ச எடத்துல மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிறேன்.”

அம்மாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வயது ஏற ஏற, பளிச்சென்ற ஒளி பட்ட கண் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். மூன்று நொடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர் தூரத்தை மனக்கணக்கில் ஓட்டியதாக அர்த்தம். அருகிலேயே கால்வாய்.

அண்ணனிடம் சொன்னேன். “கண்ணு கூசினா மெதுவா போக வேண்டியதுதானேடா தம்பி” என்றார். அவர் கெட்டவர் அல்லர். சித்தி மேல் உயிரையே வைத்திருப்பவர். தம் விளக்கைத் தாமே எதிரே நின்று பார்க்க முடியாது என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. பிரேக் தேய்ந்தால் ஓட்டுபவருக்கே தெரியும். டயர் வழுக்கினால் முதலில் விழுபவரும் அவரே. விளக்கின் குறை மட்டும் எதிரே வருபவருக்குத்தான் தெரியும். அவரோ ஒரு நொடியில் கடந்து போய்விடுகிறார். நிறுத்திச் சொல்லவா போகிறார்?

பிறகு நாங்கள் இருவரும் ஒரு பட்டறைக்குப் போனோம். ஃபோர்மேன் பார்த்துவிட்டு, “பல்ப் மாத்தினா சரியாப் போயிடும்” என்றார். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள்; ஆனால் அது சரியன்று. எச்4 என்ற பல்ப் உலகம் முழுவதும் ஒன்றுதான். ஜெர்மனிக்கு ஒன்று, மலேசியாவுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்வதில்லை. ஒளி எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்வது பல்பைத் தாங்கி நிற்கும் முழு விளக்கு, அதாவது அதன் பிரதிபலிப்பானும் முகப்புக் கண்ணாடியும். இன்னும் வெள்ளையாக, இன்னும் பளிச்சென்று எரியும் பல்பைப் போட்டால், தவறான பக்கத்துக்கு இன்னும் அதிக வெளிச்சம் அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

உங்கள் வண்டி எந்த வகை என்று அறிவது எளிது. ஐரோப்பிய முறைப்படி அனுமதி பெற்ற விளக்கின் கண்ணாடியில், ஒரு வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 11 என்றால் பிரிட்டன், 52 என்றால் மலேசியா. அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது அனுமதி கொடுத்த நாட்டைத்தான் சொல்கிறதே தவிர, ஓட்ட வேண்டிய பக்கத்தை அன்று. பார்க்க வேண்டியது அம்புக்குறியை. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டுமான விளக்கில், எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்புறம் காட்டும் ஓர் அம்பு இருக்கும். இரண்டு வகை நாடுகளுக்கும் ஏற்றது என்றால் இரு தலை அம்பு. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டும் என்றால் அம்பே இராது.

அம்பு இல்லையா? உடனே பதற வேண்டாம். இரு பக்கமும் ஒரே மாதிரி, கிடையாக ஒளி வீசும் விளக்குகளும் இருக்கின்றன. சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் அவைதான். அந்த வகையில் வண்டி எந்த நாட்டுக்குப் போனாலும் பக்கம் மாற்றும் வேலை இல்லை. ஐயம் தீர ஒரு சுவர் போதும். இருட்டிய பிறகு, சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். பக்கத் தாங்கியில் சாய்த்து வைக்காமல், நிமிர்த்தி, ஒருவர் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு தாழ் ஒளியைப் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். அந்த விளிம்பு வலப்பக்கம் மேலேறினால் அது நம் நாட்டு விளக்கு அன்று. அண்ணனின் வண்டியை எங்கள் தாமான் பொது மண்டபத்துச் சுவருக்கு எதிரே நிறுத்தியபோது ஒளி வலப்பக்கம் மலைச்சரிவுபோல் ஏறிப்போனது. அதைப் பார்த்த பிறகு நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

கறுப்பு நாடாவை ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குப் படகேறும் வண்டிக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். விளக்கில் ஒட்டுவதற்கென்றே ஒட்டுத்தாள்களை அங்கே விற்கிறார்கள். இரண்டு வாரப் பயணத்துக்கு அது சரி. குடிபெயர்ந்து வந்துவிட்ட வண்டிக்கு அது சரியன்று என்பேன். நாடா, மேலே ஏறும் ஒளியை மறைக்குமே தவிர, அதை இடப்பக்கம் கொண்டுவந்து சேர்க்காது. எதிரே வருபவர் தப்பித்தார். ஓரத்தில் நடப்பவர் இன்னும் இருட்டில்தான். இக்கால விளக்குகளின் முகப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக். மாதக்கணக்கில் நாடா ஒட்டிக்கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகவும் கூடும். விளக்கையே மொத்தமாகக் கீழே இறக்கிவிடுவதும் அரைகுறைதான். நமக்குத் தெரிய வேண்டிய தூரம் குறைந்துவிடும்.

ஒரு நாடே இந்தச் சிக்கலைச் சந்தித்ததுண்டு. 1967 செப்டம்பர் 3-ஆம் நாள் காலை 5 மணிக்கு சுவீடன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. சாலைக் கோடுகள், பேருந்துக் கதவுகள், பலகைகள் எல்லாவற்றோடும் வண்டிகளின் முன்விளக்குகளையும் மாற்றினார்கள். அக்காலத்து விளக்குகள் பெரும்பாலும் ஒரே அளவான, விலை குறைந்த வட்ட விளக்குகளாக இருந்ததால் அது முடிந்தது. வண்டி நாடு மாறினாலும் நாடு பக்கம் மாறினாலும் விளக்குக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு நாடு முழுவதும் அதைச் செய்து முடித்திருக்கும்போது, ஒற்றை வண்டிக்குச் செய்ய நாம் சோம்புகிறோம்!

நம்மிலிருந்து வெளியே போகிறவர்களுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூர், தாய்லாந்து, புருணை, இந்தோனேசியா எல்லாம் இடப்பக்க நாடுகள் என்பதால் பெத்தோங்குக்கும் ஹாட்யாய்க்கும் போய்வரும் நண்பர்களுக்குக் கவலையில்லை. தாய்லாந்தைத் தாண்டி லாவோசுக்குள் நுழைந்தால் பக்கம் மாறிவிடும். கம்போடியா, வியட்நாம், மியன்மார் ஆகியவையும் வலப்பக்க நாடுகளே. நீண்ட பயணம் போகும் குழுக்கள் பெட்டிக்கும் சட்டைக்கும் ஒட்டுவில்லைக்கும் எவ்வளவோ செலவு செய்கின்றன. பின்னால் பெட்டிகளை ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து விளக்கு தானாகவே மேல்நோக்கும் என்பதையாவது நினைத்துப் பார்க்கிறார்களா? ஒருவர் பின்னால் உட்கார்ந்தாலே அப்படித்தான்.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. ரடின் உமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிரம்பான், ஷா ஆலாம் பகுதிகளை ஆராய்ந்து, கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்தன என்று 1996-இல் எழுதினார்கள். விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டுமன்று, பிறர் நம்மைப் பார்ப்பதற்கும்தான் என்பதைச் சட்டமாகவே ஆக்கிய நாடு இது. ஆனால் கண்ணில் படுவது வேறு, கண்ணைப் பறிப்பது வேறு.

செலவாகுமே என்பார்கள். ஆகும். புதிய எல்இடி விளக்கு என்றால் பல்பே கிடையாது. முழு விளக்கையும் மாற்ற வேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதே வண்டி பிரிட்டனிலோ ஜப்பானிலோ ஆஸ்திரேலியாவிலோ விற்பனையாகியிருந்தால், இடப்பக்க விளக்கு அங்கே இருக்கும். பழைய பொருள் கடைகளிலும் கிடைக்கும். அண்ணன் இங்கிலாந்திலிருந்து அப்படித்தான் ஒன்றை வரவழைத்தார். கப்பல் கூலிக்கும் வரிக்கும் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை என்று அவரே சொன்னார். வளைவில் சாயும்போது ஒளியும் சாயத்தானே செய்கிறது, பிறகு எதற்கு இவ்வளவு கணக்கு என்றும் சிலர் வாதாடுவதுண்டு. வளைவு சில நொடிகளில் முடிந்துவிடும். எங்கள் செம்பனைச் சாலையோ இரண்டு கிலோமீட்டருக்கு நேர்ச்சாலை.

தனியார் மோட்டார் சைக்கிள்களுக்கு இங்கே ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பதிவாகிச் சாலைக்கு வந்துவிட்ட வண்டியின் விளக்கை அதன்பின் யாரும் தேடிவந்து பார்க்கப் போவதில்லை. எனவே, வெளிநாட்டில் படிப்பையோ வேலையையோ முடித்து வண்டியோடு திரும்ப எண்ணும் அண்ணன்மார், அக்காமார், அதைக் கப்பலில் ஏற்றும் முன்பே இடப்பக்க விளக்குக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். வண்டியும் விளக்கும் ஒன்றாகவே வந்து சேரட்டும். ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டவர்கள் இன்று இரவே ஒரு சுவரைத் தேடலாம்.