பெருக்குவதும் அறிவியலே

பத்துப் பேருக்குச் சுவையாகச் சாம்பார் வைக்கத் தெரிந்தவர் அனைவராலும் கோயில் அன்னதானத்திற்கு ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைத்துவிட முடியாது. பருப்பையும் புளியையும் உப்பையும் நூறு மடங்காக்கினால் போதும் என்று எண்ணுபவர், அடிப்பிடித்த அண்டாவைத்தான் காண்பார். பெரிய அண்டாவில் சூடு பரவும் விதமே வேறு. இந்த உண்மை மருந்து உற்பத்திக்கும் பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் கண்டறிவது மட்டுமல்ல, அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்குவதும் அறிவியலே. அதற்கு நாம் உரிய மதிப்புத் தருவதில்லை என்பதே என் கருத்து.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. இந்தியர்களிடையே இந்நோய் இன்னும் மிகுதி. தஞ்சோங் கிளிங் போன்ற சிற்றூரிலும் இன்சுலின் ஊசியை நம்பி வாழும் முதியோரைக் காணலாம். மருந்து சோதனைக் குழாயில் உருவானால் மட்டும் அவர்களுக்குப் பயன் கிட்டாது. அது தட்டுப்பாடின்றி, எல்லாக் குப்பிகளிலும் ஒரே தரத்தில் கிடைக்க வேண்டும்.

இதன் அருமையை வரலாறு உணர்த்துகிறது. கனடாவின் டொராண்டோ நகரில் 1921இல் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலின் ஆய்வைத் தொடங்கினர். 1922 ஜனவரியில், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்துத் தூய்மைப்படுத்திய மருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பலன் தந்தது. உலகமே மகிழ்ந்தது. ஆனால், அதனைப் பெருமளவில் தயாரிக்க முயன்றபோது மருந்தின் வீரியம் காணாமல் போனது. வாரக்கணக்கில் போராடிய பிறகே ஆய்வாளர்களால் அதை மீட்க முடிந்தது. அந்த இடைவெளியில் மருந்துக்காகக் காத்திருந்த நோயாளிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இன்று இன்சுலின், மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியா அல்லது ஈஸ்ட் உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. நம் நாட்டிலேயே, ஜொகூரின் இஸ்கந்தர் புத்ரியில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பயோகோன் நிறுவனம் இன்சுலின் தொழிற்சாலையை அமைத்துள்ளது. இத்தகைய தொழிற்சாலைகளில், சிறு குப்பியில் உறையவைத்த உயிரணுக்களைக் குடுவையிலும், பின் சிறு கலனிலும், இறுதியில் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் உயிர்வினைக் கலனிலும் படிப்படியாக வளர்ப்பர்.

இதில் சிக்கல் எங்கே எழுகிறது? கலனின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்கினால் அதன் கொள்ளளவு 1,000 மடங்காகும். சுவரின் பரப்போ 100 மடங்குதான் கூடும். வளரும் உயிரணுக்கள் வெப்பத்தை வெளியிடும். அவ்வெப்பம் வெளியேற, ஒவ்வொரு லிட்டருக்கும் முன்பு இருந்த சுவரில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். சிறு குடுவையில் நொடிகளில் கலந்துவிடும் சர்க்கரை, பெரிய கலனில் சீராகப் பரவ ஒரு நிமிடத்திற்கும் மேலாகலாம். அதற்குள் ஊட்டம் நுழையும் இடத்தில் உள்ள உயிரணுக்கள் திகட்டத் திகட்ட உண்ணும். தொலைவில் உள்ளவை பட்டினி கிடக்கும். பிராணவாயுவும் நீரில் மிகச் சிறிதளவே கரையும். வேகமாகக் கலக்கினால் என்ன என்று கேட்கலாம். ஈஸ்ட் அதைத் தாங்கும். வேறு பல மருந்துகளுக்குப் பயன்படும் விலங்கு உயிரணுக்களுக்கோ உறுதியான வெளிச்சுவர் இல்லை. காற்றுக் குமிழி வெடிக்கும் விசையே அவற்றைச் சிதைத்துவிடும்.

“தொழில்நுட்பத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே” என்று சிலர் வாதிடுவர். கலனை வாங்கலாம், கணினியையும் வாங்கலாம். ஆனால், கலனுக்குள் நுரை பொங்கும்போதும் பிராணவாயு குறையும்போதும் காரணத்தைக் கண்டறியும் அறிவை வாங்க முடியாது. அதை நம் பிள்ளைகள்தாம் கற்றுப் பெற வேண்டும்.

ஆனால், மருத்துவர் ஆகு என்று பிள்ளையை ஊக்குவிக்கும் பெற்றோர், உயிர்வேதிப் பொறியியலாளர் ஆகு என்று சொல்வது அரிது. தொழிற்சாலைப் பணி என்றாலே அறிவுக்கு வேலையில்லாத பணி என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் உள்ளது. தஞ்சோங் கிளிங்கில் தொழிற்பேட்டையின் அருகிலேயே வாழும் நாம் இவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டும். பள்ளிகளும் இதற்கு உதவலாம். ஈஸ்ட் கலந்த சர்க்கரைக் கரைசலை 100 மில்லிலிட்டர், 1 லிட்டர், 10 லிட்டர் என மூன்று அளவுகளில் வைத்து, வெப்பநிலையை மணிக்கொரு முறை குறித்துவரச் செய்தாலே போதும். அளவு மாறினால் நடத்தையும் மாறும் என்பதை மாணவர்கள் தாமே கண்டறிவர்.

கண்டுபிடித்தவரை உலகம் போற்றுகிறது; அது முறையே. அக்கண்டுபிடிப்பைக் கடைசி நோயாளியின் கைக்கும் எட்டச் செய்பவரையும் நாம் போற்றுவோம்; அவர்களுள் ஒருவராகவும் முயல்வோம்.