மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்! மிதிக்கிற பிள்ளைக்கு ரோட்டில் ஓரம் எங்கே?

விருத்தாசலம் என்றாலே "பழைய மலை" என்றுதான் அர்த்தம். பழமலை, திருமுதுகுன்றம் என்பதெல்லாம் அதே ஊரின் பெயர்கள். ஆனால் ரயிலை விட்டு இறங்கி நாலு திசையும் தேடிப் பார்த்தாலும் மலை கண்ணில் படாது. பழமலைநாதர் கோவில் கோபுரம் தெரியும். பீங்கான் பொம்மைக் கடை தெரியும். மலையை மட்டும் காணோம்!

மலையைப் பார்க்க வேண்டுமா? சைக்கிளை எடுக்க வேண்டும். ஆமாம்! விருத்தாசலத்தில் இருந்து மங்கலம்பேட்டை வழியாக உளுந்தூர்பேட்டைக்கு பஸ்சில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போகிறவருக்கு அந்தப் பூமி தட்டையாகத்தான் இருக்கும். மெயின் ரோட்டை விட்டு இறங்கி கிராமத்துக்கு சைக்கிளில் போகிறவரின் முழங்காலைக் கேட்டால்தான் உண்மை தெரியும். ஒரு செம்மண் மேடு. கீழே ஒரு ஓடை. மறுபடியும் மேடு. அதன்மேல் முந்திரித் தோப்பு. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் காலுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட பூமியைத் தேடித்தான் இன்றைக்கு உலகம் முழுக்க ஒரு கூட்டம் சைக்கிளில் கிளம்பி இருக்கிறது.

கியர் சைக்கிள்

"மவுண்டன் பைக்" என்று அதற்குப் பெயர். மலை சைக்கிள் என்று சொல்லலாம். பருத்த டயர். டயரில் முள்முள்ளாகக் கட்டை. முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் போர்க். ஏற்றத்துக்கு ஒரு கியர், இறக்கத்துக்கு ஒரு கியர். விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டி லட்சக்கணக்கில் போகிறது. தலையில் ஹெல்மெட், முதுகில் தண்ணீர்ப் பை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பட்டணத்தை விட்டுக் கிளம்பி மண் ரோடு தேடிப் போகிறார்கள்.

இவர்கள் டீக்கடையில் வந்து நின்றால், "ஏண்ணே, மோட்டார் சைக்கிள் வாங்குற காசுக்கு இதை வாங்கி மிதிக்கிறீங்களே!" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கேட்டால் அந்த ஆளே மூக்கில் விரலை வைப்பார்.

பழைய இரும்பில் பிறந்தது

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற மலைப்பக்கம். 1970-களில் அங்கே சில இளைஞர்கள், யாரும் சீண்டாமல் கிடந்த பழங்கால கனத்த சைக்கிள்களை சல்லிசாக வாங்கினார்கள். அந்த சைக்கிளுக்கு டயர் பெரிசு. அதனால் மண்ணில் புதையவில்லை. அதை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், மண் பாதையில் விட்டார்கள் ஒரு விடு!

கீழே வந்து சேரும்போது பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பிரித்து, புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே 1976-ல் அவர்கள் நடத்திய போட்டிக்கு "ரீபேக்", அதாவது "மறுபடி அடை" என்று பெயர் வந்தது. பிறகு கம்பெனிகள் மோப்பம் பிடித்தன. 1981-ல் தொழிற்சாலையில் செய்த மலை சைக்கிள் கடைக்கு வந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பந்தயமாகவே சேர்ந்துவிட்டது. 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் பக்கத்தில் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்தது. போட்டி இல்லாமல் ஊர் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றையும் தொட்டுப்போகும் "டூர் ஆஃப் நீலகிரிஸ்" 2008-ல் தொடங்கியது.

ஆக, பழைய கனத்த சைக்கிளும் மண் ரோடும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் இந்த மலை சைக்கிள்!

இங்கே இல்லாததா?

அப்படியானால் மங்கலம்பேட்டை சுற்றுப்பக்கத்து ஆட்கள் என்ன, சளைத்தவர்களா? கேரியரில் இரண்டு பால் கேன், ஹேண்டில்பாரில் ஒரு தூக்கு. இல்லாவிட்டால் பின்னால் ஒரு முந்திரிக்கொட்டை மூட்டை. 28 அங்குல சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கியரே கிடையாது. மணல் வந்தால் இறங்கித் தள்ளு. மேடு வந்தால் எழுந்து நின்று மிதி. காலம் காலமாக இப்படித்தானே ஓட்டினார்கள்? இவர்களுக்கு மெடலும் கிடையாது, தண்ணீர்ப் பையும் கிடையாது.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு மரியாதையும் இருந்தது, கெடுபிடியும் இருந்தது. நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். விளக்கு இல்லாமல் ராத்திரியில் போனாலும் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் அடித்தாலும் பிடிக்கும். காற்றைப் பிடுங்கிவிட்டு "தள்ளிக்கிட்டுப் போ" என்பார்கள். தொந்தரவுதான். ஆனால் ரோட்டில் சைக்கிள் என்று ஒன்று போகிறது என்பதாவது சர்க்காருக்கு ஞாபகம் இருந்தது. இன்றைக்கு வில்லையும் போச்சு, அந்த ஞாபகமும் போச்சு!

சைக்கிள் கொடுத்தாச்சு

சர்க்கார் சைக்கிளை மறக்கவில்லையே, இலவசமாகவே கொடுக்கிறதே என்று கேட்கலாம். வாஸ்தவம். 2001-02-ல் பிளஸ் 1, பிளஸ் 2 படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. அருமையான திட்டம். பஸ் வராத கிராமத்துப் பெண் பிள்ளை மேல்படிப்புக்குப் போக அதுதான் கால்.

பெண்ணின் கையில் சைக்கிள் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அதற்கு 10 வருஷம் முன்னாலேயே புதுக்கோட்டை காட்டிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்கினார்கள். "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?" என்று கேட்ட வாய்கள் மூடிக்கொண்டன.

சரி, சைக்கிள் கொடுத்தாச்சு. ஓட்டுவதற்கு இடம் கொடுத்தார்களா?

ஓரம் எங்கே?

இங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது. ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். பளபள என்று தார் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு உயர்கிறது, ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. தாரின் விளிம்பில் இருந்து மண்ணுக்கு அரை அடி பள்ளம்! பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டரோ, ஏர்ஹாரன் அடிக்கும் பஸ்சோ வந்தால் சைக்கிளில் போகிற பிள்ளை எங்கே ஒதுங்கும்? ஒதுங்கினால் பள்ளத்தில் விழ வேண்டும். ஒதுங்காவிட்டால் சக்கரத்தில் விழ வேண்டும்.

2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் சாலை விபத்தில் செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் சைக்கிளில் போனவர்கள் மட்டும் 4 ஆயிரத்துக்கும் மேல்! இவர்கள் யாரும் பந்தயம் விட்டவர்கள் அல்ல. பெரும்பாலும் வேலைக்குப் போனவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள், பால் ஊற்றப் போனவர்கள்.

கியர் சைக்கிள்காரர் மண் பாதையைத் தேடி வருவது பொழுதுபோக்கு. மெயின் ரோட்டுக்குப் பயந்து கிராமத்துப் பிள்ளை மண் பாதையில் போவது உயிர் பிழைக்க. ஒரே பாதை. காரணம்தான் வேறு!

என்ன செய்யலாம்?

ஆகாசத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. மூன்று வேலை போதும்.

ஒன்று: தார் போடுகிற கான்டிராக்டர், ஓரத்து மண்ணையும் தாரின் மட்டத்துக்கு நிரப்பிக் கெட்டிப்படுத்தின பிறகுதான் பில் பாஸ் ஆக வேண்டும்.

இரண்டு: ஏரிக்கரைப் பாதையையும் பழைய வண்டிப்பாட்டையையும் ஊராட்சி காப்பாற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒரு அடியாக வேலி நகர்ந்தால் பாட்டை வரப்பாகி, வரப்பும் காணாமல் போகும். அங்கே தார் வேண்டாம். கிராவல் கொட்டி, ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு சிறு பாலம் போட்டால் பள்ளிப் பிள்ளையும் போகும், பால்காரரும் போவார், பட்டணத்து கியர் சைக்கிளும் போகும்.

மூன்று: மேல்நிலைப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் எல்லாம் பஞ்சர் ஒட்ட, பிரேக் கட்டை மாற்ற ஒரு ஏற்பாடு வேண்டும். பிரேக் பிடிக்காத இலவச சைக்கிள் இலவச ஆபத்து.

வருகிற விருந்தாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மண் பாதை உங்கள் மைதானம் அல்ல, ஒருவருடைய வயலுக்குப் போகிற வழி. உளுந்து காயப்போட்ட களத்தில் சக்கரத்தை விடாதீர்கள். முந்திரித் தோப்பில் பிளாஸ்டிக் பாட்டிலை வீசாதீர்கள். டீ குடித்துவிட்டு செல்பி எடுப்பதோடு நிற்காமல் அந்த ஊர் கடையில் இளநீர், முந்திரி, இரண்டு பீங்கான் பொம்மை வாங்கிப்போங்கள். சைக்கிள் வந்தால் ஊருக்கு நாலு காசு வரும் என்று தெரிந்தால் பாட்டையை ஊரே காவல் காக்கும்.

மலை சைக்கிளுக்குப் பெரிய மலை வேண்டுமென்றால் மேற்கே கல்வராயன் இருக்கிறது. மங்கலம்பேட்டைப் பக்கம் அந்த அளவு உயரம் இல்லை. வேண்டியதும் இல்லை. யூனிபார்ம் போட்ட ஒரு பெண் பிள்ளை புத்தகப் பையோடு பயமில்லாமல் மிதித்து, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர்ந்தால், அதுதான் நல்ல சைக்கிள் பாதை. அந்தப் பாதையைப் போட்டுவிட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவன் தானாக வருவான். அதைப் போடாமல் சைக்கிளை மட்டும் கொடுப்பது, செருப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு முள்ளில் நடக்கச் சொல்வது மாதிரி!