வாசித்தவர் ஒருவர்! வாழ்த்துப் பெற்றவர் வேறொருவர்!

ஆண்டு 1971. லண்டன் மாநகரில் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' அரங்கம். ஒளிவிளக்குகள் கண்ணைப் பறிக்கின்றன. இளைஞர் கூட்டம் ஆடிக் களிக்கிறது. மேடையில் ராட் ஸ்டூவர்ட். உடன், 'ஃபேசஸ்' குழுவினர். பாட்டு 'மேகி மே'. நாட்டுப்பாடலின் எளிமையும் ராக் இசையின் துடிப்பும் கலந்த பாட்டு; பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த பாட்டு. அதன் இறுதியிலே மாண்டலின் ஒலிக்கிறது. கேட்டவர் நெஞ்சில் நிலைத்துவிட்ட நாதம்! மேடையிலே ஒருவர் அமர்ந்து, மாண்டலினை ஏந்தி, தந்திகளை மீட்டுகிறார்.

மீட்டுகிறாரா? இல்லை, தோழர்களே, இல்லை! மீட்டுவதுபோல் பாவனை புரிகிறார்! அவர் ஜான் பீல். வானொலியில் இசைத்தட்டுகளை அறிமுகப்படுத்திப் புகழ் பெற்றவர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். குழுவினரோ, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் கால்பந்தை உதைத்து விளையாடுகின்றனர். கருவியைத் தொடாமலே இசை வருகிறது என்பதைக் காட்ட வேறு சான்றும் வேண்டுமோ?

அந்தக் காட்சி இன்றும் கைப்பேசியில் கிடைக்கிறது. கண்டவர் சிரிக்கின்றனர், 'என்ன குறும்பு!' என்று பாராட்டுகின்றனர். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது: அப்படியானால், அந்த மாண்டலினை மெய்யாகவே வாசித்தவர் யார்?

அவர் பெயர் ரே ஜாக்சன். நியூகாசில் நகரத்து 'லிண்டிஸ்ஃபார்ன்' என்னும் நாட்டுப்பாடல் ராக் குழுவைச் சேர்ந்தவர். மறு ஆண்டிலேயே, 1972-இல், அக்குழுவின் இசைத்தட்டும் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அத்தகைய கலைஞருக்கு அந்தப் பதிவுக்குக் கிடைத்த கூலி 15 பவுண்டு. இசைத்தட்டின் உறையிலே பெயராவது இருந்ததா? லிண்டிஸ்ஃபார்ன் குழுவின் மாண்டலின்காரர் வாசித்தார், பெயர் நினைவில்லை என்ற பொருளில் ஒரு வரி! பாட்டு நினைவிருந்தது, பணம் நினைவிருந்தது, பாடுபட்டவன் பெயர்தான் மறந்துவிட்டது! 2003-ஆம் ஆண்டிலே, முப்பதாண்டுகள் கழித்து, தமக்குரிய பங்கு வேண்டுமென்று அவர் குரலெழுப்ப நேர்ந்தது.

இது ஒரு நாள் கூத்தா? அன்று. 1965-இல் 'தி பைர்ட்ஸ்' குழு 'மிஸ்டர் டாம்பரின் மேன்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. நாட்டுப்பாடல் ராக் என்னும் இசைவகைக்கே அது வாயில் திறந்தது என்பர். குழுவினர் ஐவர். அந்த இசைத்தட்டில் கருவி வாசித்தவர் அவர்களுள் ஒரே ஒருவர், மெக்வின். குரல் அவருடையதும் இரு தோழர்களுடையதும். முரசு அடித்தவர் ஹால் பிளெய்ன், கூலிக்கு வந்த கலைஞர். இத்தகைய தட்டு சுழல, ஐவரும் நின்று நடித்தால், முரசுக்காரர் தம் பழைய அடிக்குக்கூட அபிநயம் பிடிப்பவரல்லர். மாற்றான் அடிக்கு அபிநயம் பிடிப்பவர்!

'தொலைக்காட்சியில் ஒலியமைப்புத் தொல்லை அதிகம். வேறு வழியில்லை' என்று வாதாடுவோர் உண்டு. தொல்லை உண்மைதான். 2009 ஜனவரி 20-ஆம் நாள், ஒபாமா பதவியேற்ற வேளையில், யோ-யோ மாவும் இட்ஸாக் பெர்ல்மனும் முன்பே பதிந்த இசைக்குத்தான் வாசிப்பதுபோல் காட்டினர். கடுங்குளிரிலே தந்திகள் சுருதியில் நில்லா என்றனர். ஆனால், அவர்கள் காட்டியது தங்கள் இசை. பிறர் இசையன்று.

'நம் திரைப்படத்திலும் நடிகர் வாயசைக்கத்தானே செய்கிறார்?' என்பர் இன்னும் சிலர். ஆம், அசைக்கிறார். எனினும் குரல் டி. எம். சௌந்தரராசனுடையது என்பது பட்டிதொட்டியெல்லாம் அறிந்த செய்தி! பெயர் இசைத்தட்டிலே உண்டு. புகழ் ஊர் நாவிலே உண்டு. வாயசைப்பதன்று குற்றம்; வாசித்தவனை மறைப்பதே குற்றம். பள்ளி ஆசிரியன் நான். பக்கத்துப் பையனின் விடையை எழுதிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக் கொடுக்கும் மாணவனின் தாளுக்கு நான் மதிப்பெண் இடுவதில்லை. பையனுக்கு ஒரு நீதி, பாட்டுக்காரருக்கு ஒரு நீதியா?

மறைப்பு வளர்ந்தால் எங்கே போய் முடியும்? 1990-இல் 'மில்லி வெனிலி' என்ற இருவர் கிராமி விருது பெற்றனர். இசைத்தட்டிலே ஒலித்த குரல் அவர்களுடையதே அன்று என்பது வெளிப்பட, அவ்வாண்டிலேயே விருது பறிபோயிற்று. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடியது ஏழு வயதுச் சிறுமியின் குரல். மேடையில் நின்றதோ வேறொரு சிறுமி. பாடியவளின் தோற்றம் நாட்டின் பெருமைக்குப் போதவில்லையாம்! பெயர் மறந்ததில் தொடங்கி முகம் மறைப்பதில் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? 1971-இல் சிரித்த நாம் 2008-இல் சிரிக்க முடியுமா?

பகுத்தறிவு என்பது கல்லையும் கட்டுக்கதையையும் கண்டு கேள்வி கேட்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஒளிவிளக்கின்கீழ் நிகழும் அற்புதத்தையும் அது கேட்க வேண்டும். 'இந்த ஒலி எங்கிருந்து வருகிறது? உழைத்தவன் எங்கே?' என்று கேட்க வேண்டும்.

நாம் வேண்டுவது பெரிதன்று. ஒலிநாடா ஓடட்டும், உதடுகள் அசையட்டும், பந்தையும் உதைக்கட்டும்! திரையின் அடியிலே ஒரே ஒரு வரி போடட்டும்: 'இது பதிவு செய்த இசை, வாசித்தவர் இன்னார்.' அவ்வளவே. அந்த ஒரு வரிக்கு இடமில்லையேல், திரை எத்துணைப் பெரிதாயினும் அதன் நேர்மை சிறிது.

அடுத்த முறை 'மேகி மே'யின் மாண்டலினைக் கேட்கும்போது, தோழர்களே, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கண்ணுக்குத் தெரிபவர் ஜான் பீல். காதுக்குத் தெரிபவர் ரே ஜாக்சன். பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வாயாவது உண்மைக்கு அசையட்டும்!